துருவப் பாதை மூடிய நாள்

ஹார்லன் ஸ்ட்ரவுட் ஆயுளில் பாதியைக் கம்பிவடத்தில் தொங்கியே கழித்தவர். பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களை மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. காற்று ஊளையிடும், கீழே பள்ளத்தாக்கு வாயைப் பிளந்து கிடக்கும். அவர் பாட்டுக்குத் தூணின் உச்சியில் உட்கார்ந்து சக்கரங்களுக்கு மசகு போட்டுவிட்டு, இறங்கி வந்து ஒரு கிண்ணம் சூப் குடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், ஒரே மகனின் கல்யாணத்துக்கு ஹாங்காங் போகவில்லை. "சீசன் நேரம், லிஃப்டை விட்டுட்டு வர முடியாது" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்ததோ ஜூன் மாதத்தில். அந்த மலையில் அப்போது புல் முளைத்துக் காட்டுப்பூ பூத்திருக்கும்.

மகன் வேட் அதை மறக்கவே இல்லை. ஹாங்காங்கில் பாலம் கட்டும் வேலை, அங்கேயே மனைவி வைலிங், அங்கேயே இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன். "அங்க குளிரா?" "ஆமா. அங்க மழையா?" "ஆமா." அதோடு சரி. பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

நடுவில் கிடந்து அல்லாடியவள் மூத்தவள் கொரின். அவளுக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில் வேலை. சூரியனைப் பகலிரவு பாராமல் கண்காணித்து, அங்கே எழும் கொந்தளிப்பு பூமிக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லும் மையம் அது. மின் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள், விண்வெளி வீரர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று பலபேர் அவர்கள் சொல்லுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். வீட்டில் மட்டும் அதற்கு மதிப்பில்லை. "வெயிலடிக்குதான்னு சொல்ல மகளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்று ஹார்லன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வசந்தத்தில் அவருக்குக் கணையத்தில் நோய் கண்டது. கண்டபோதே ஈரல் வரைக்கும் போய்விட்டிருந்தது. மலைமேல் தனியாக இருந்தவரை கொரின் போல்டருக்குப் பக்கத்தில் லாங்மாண்ட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, மலை தெரியும் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டாள். ட்ரூடி என்ற செவிலிப் பெண் தினமும் வந்து போனாள். "இந்த வாரம் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம்" என்று ட்ரூடி சொன்ன அன்றைக்கே கொரின் தம்பிக்குப் போன் போட்டாள்.

வேட் ஒரே வார்த்தையில், "வரேன்" என்றான். அவசரத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு இருக்கை. ஹாங்காங்கிலிருந்து வடதுருவத்துக்கு மேலே பறந்து நியூயார்க், அங்கிருந்து டென்வர்.

அவன் கிளம்ப வேண்டிய நாள் காலையில் கொரின் மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். வேலைக்குப் போக மனசே இல்லை. மறுநாளிலிருந்து விடுப்பு சொல்லியிருந்தாள். அன்று மட்டும் அவள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

"போ, போ" என்றார் ஹார்லன். குரல் காய்ந்த சருகு மாதிரி இருந்தது. "இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்னா நான் வெக்கத்துலயே செத்துருவேன்."

"வேட் நாளைக்கு வந்துருவான்ப்பா."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "எவ்வளவு நேரம் பறக்கணும்?" என்று கேட்டார்.

"பாதி நாளுக்கு மேல ஆகும்."

"யப்பா" என்றார்.

மையத்தில் எலிசெயோ திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தெற்குக் கொலராடோக்காரன், அவளைவிட நாலைந்து வயது இளையவன், பல வருஷமாக அவளோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன். அன்றைக்குப் பொறுப்பு அவளுடையது, அவன் துணை.

"உன் பழைய சிநேகிதன் மேற்கு ஓரத்துக்குப் போயிட்டான்" என்று திரையைக் காட்டினான். சூரியனின் முகத்தில் பத்து நாளாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்த பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இப்போது வலது விளிம்பை ஒட்டி நின்றது. "நேத்தெல்லாம் பரம சாது. அப்படியே முதுகைக் காட்டிட்டுப் போயிருவான்னு நினைக்கிறேன்."

"போறவன் வாசல்ல நின்னு கத்துவான்" என்றாள் கொரின்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இரண்டாவது காப்பி ஆறுவதற்குள் சூரியனின் எக்ஸ்ரே அளவைக் காட்டும் கோடு சுவரேறும் பல்லி மாதிரி விறுவிறுவென்று மேலே ஏறியது. பெரிய வெடிப்பு. பின்னாலேயே ரேடியோ இரைச்சல் வந்தது. சூரியனிலிருந்து ஏதோ ஒன்று அசுர வேகத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டு விசைப்பலகையில் கை வைத்தார்கள்.

சூரியனின் மேற்கு ஓரத்துக்கு ஒரு குணம் உண்டு. அங்கிருந்து கிளம்பும் காந்தக் கோடுகள் வளைந்து வளைந்து நேராகப் பூமியின் வாசலில் வந்து முடியும். நடுவில் நடக்கும் வெடிப்பு நம்மை வந்தடைய ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் என்றால், ஓரத்தில் நடக்கும் வெடிப்பு அந்தக் கோடுகளின் வழியே புரோட்டான்களை அள்ளிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கதவைத் தட்டிவிடும். கதிர்வீச்சுப் புயல் என்பது அதுதான். பூமியின் காந்தப்புலம் அதை மற்ற இடங்களில் தடுத்துவிடுகிறது. துருவங்களில் மட்டும் கூரை திறந்தே கிடக்கிறது. துருவத்துக்கு மேலே பறக்கும் விமானத்துக்குத் தரையோடு பேச நம்பிக்கையான துணை சிற்றலை ரேடியோதான். புயல் கடுமையானால் அந்த ரேடியோ ஊமையாகிவிடும். பேச வழியில்லாத விமானத்தை யாரும் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டார்கள்.

புரோட்டான் எண்ணிக்கை மெல்ல எழும்ப ஆரம்பித்தது. இன்னும் அபாயக் கோட்டுக்கு வெகு கீழேதான் இருந்தது. ஆனால் அது எழும்பிய விதம் கொரினுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே ஹாங்காங்கில் நடுநிசி. வேட் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பான்.

"எலிசெயோ" என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். என் தம்பி இன்னைக்குத் துருவப் பாதையிலதான் வரான். இன்னும் விமானம் கிளம்பல."

அவன் நாற்காலியைத் திருப்பினான். அவள் அப்பாவின் நிலைமை அவனுக்குத் தெரியும். "நீ எழுந்திரு. நான் உக்காந்து எழுதறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீயா இருந்தா என்ன எழுதுவே?"

அவன் திரையைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான். "பொய் சொல்ல மாட்டேன். நான் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். மிதமான அளவுன்னு இப்ப எச்சரிக்கை குடுப்பேன். கடுமையாகும்னு சொல்றதுக்கு எண்ணிக்கை இன்னும் ஏறணும். போன வருஷம் இதே மாதிரி ஓரத்துல ஒண்ணு வெடிச்சுது, ஞாபகம் இருக்கா? ஊதிப் பெருசாகி அப்படியே அடங்கிப்போச்சு."

அவன் சொன்னது நியாயம்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் அவள் சட்டென்று மறுத்திருப்பாள். கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும், விமானம் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு எச்சரிக்கை வந்தால் நடுவழியில் பாதையை மாற்றுவார்கள், எங்காவது இறங்கி எரிபொருள் நிரப்புவார்கள். எப்படியானாலும் தம்பி இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிடுவான். யாரும் அவளை ஏன் பொறுத்தாய் என்று கேட்கப் போவதில்லை. எலிசெயோவே அப்படித்தான் சொல்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு தன்னையே ஒரு கேள்வி கேட்டாள். இன்றைக்கு வேட் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்?

பதில் வந்துவிட்டது. வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ரேடியோ இரைச்சலோட வேகத்தைப் பாரு" என்றாள். "போன வருஷம் வந்தது இதுல பாதி கூட இல்ல. ஏற்றமும் நிக்கல. இது கடுமையாகும். நான் எழுதறேன்."

"கொரின், நான் எழுதறேன்னு சொல்றேனே."

"நீ நம்பாததை நீ எழுதக் கூடாது. நான் நம்பறேன். நான்தான் எழுதணும்."

எழுதினாள். கடுமையான கதிர்வீச்சுப் புயல் எதிர்பார்க்கப்படுகிறது என்று நாலு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். எலிசெயோ எழுந்து போய் அவளுடைய ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தான்.

சற்று நேரத்தில் ஒரு விமான நிறுவனத்தின் பாதை வகுக்கும் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. மறுமுனையில் களைத்த ஆண் குரல். "மேடம், நிஜமாவே கடுமையாகுமா? எங்களுக்கு வடக்க ஒண்ணு கிளம்ப நிக்குது. தெற்கால சுத்தி அனுப்பினா வழியில இறங்கணும், அதுக்கு மாத்து விமானிங்க என்கிட்ட இல்ல. நாளைக்குன்னு தள்ளிப்போடணும்."

எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்று அவள் கேட்கவில்லை. "எங்க கணிப்பு அதுதான் சார். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். பத்துல எட்டு."

"பத்துல எட்டுன்னா எனக்கு பத்துதான்" என்று பெருமூச்சு விட்டு வைத்தார்.

அடுத்து வந்த அழைப்பு அவளுடைய கைபேசியில். வேட்.

"விமானம் ரத்து. நாளைக்குத்தானாம். என்னவோ சூரியப் புயலாம்" என்றான். "கொரி. இது உங்க இடம்தானே?"

"ஆமா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான்தான் எழுதினேன், வேட்."

பின்னணியில் அறிவிப்புக் குரல்களும் யாரோ பெட்டி உருட்டும் சத்தமும் கேட்டன. பிறகு அவன் வெடித்தான். "பக்கத்து வாசல்ல வேற கம்பெனி விமானம் பசிபிக் பக்கமா சுத்திக்கிட்டுக் கிளம்பிப் போகுது, என் கண்ணு முன்னாலேயே! அதுல இடமில்ல. ஒரு மணி நேரம், கொரி! ஒரு மணி நேரம் உன்னால சும்மா இருக்க முடியலையா? பத்து வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நான் கிளம்பறேன். இன்னைக்குத்தானா உன் சூரியனுக்கு வாந்தி வரணும்?"

"மன்னிச்சுக்கோடா" என்று மட்டும் சொன்னாள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. மறுநிமிஷமே மறுபடி மணி அடித்தது. அவன்தான் என்று எடுத்தாள். ட்ரூடி. "மூச்சு மாறிடுச்சும்மா. நினைவு நல்லாத் தெளிவா இருக்கு, ஆனா மூச்சு மாறிடுச்சு. வந்துருங்க."

எலிசெயோ அவள் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டான். "சாவியை எடு. இங்க நான் பாத்துக்கறேன். ஓட்ட முடியுமா உன்னால?"

முடிந்தது. எப்படி ஓட்டினாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தால் சாலையோரத்து மரங்கள் மட்டும்தான் நினைவில் நின்றன. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. அத்தனை ரகளை பண்ணிய சூரியன் ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது.

ஹார்லன் தலையணையில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இழுத்தார். "வந்துட்டியா?" என்றார். "வெயிலடிக்குதா?"

"அடிக்குதுப்பா."

"அவன் ஏறிட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா. விமானம் கிளம்பல. துருவப் பக்கம் போக வேணாம்னு நான் எச்சரிக்கை குடுத்தேன். நிறுத்திட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். கண்ணோரம் லேசாகச் சுருங்கியது. "நல்லாத் திட்டியிருப்பானே."

"திட்டினான்."

"காத்தடிச்சா நான் லிஃப்டை நிறுத்துவேன். நாற்காலியில தொங்கறவன் மொத்தப் பேரும் என் அம்மாவைத் திட்டுவான்." சிரிக்கப் போய் இருமினார். ட்ரூடி வாயைத் துடைத்துவிட்டாள். "போன் போடு அவனுக்கு."

முதல் மணியிலேயே எடுத்தான். எங்கோ தரையில் உட்கார்ந்திருக்கிறான் போலிருந்தது; குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. கொரின் கைபேசியைத் தலையணைமேல், அப்பாவின் காதோரம் வைத்தாள்.

"வேட்."

"அப்பா."

இனி 'அங்க மழையா' என்றுதான் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கொரின் நினைத்தாள்.

"உன் கல்யாணத்துக்கு நான் வரல" என்றார் ஹார்லன்.

"அது பழைய கதைப்பா, விடுங்க."

"விட மாட்டேன். சீசன்னு சொன்னேன். ஜூன்ல ஏதுடா சீசன்?" மூச்சு வாங்கினார். "பயம்டா. எனக்கு ஏரோப்ளேன்னா பயம். டிக்கெட் வாங்கிட்டேன். டென்வர் ஏர்போர்ட் வரைக்கும் போனேன். உள்ள ஏற முடியல. கார் நிறுத்தற இடத்துல உக்காந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

கொரினுக்கே இது தெரியாது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களா?" என்றான் வேட். "கம்பியில தலைகீழாத் தொங்குவீங்களே!"

"கம்பி என் கையில இருக்கு. ஏரோப்ளேன் யார் கையில இருக்கு? எவனோ ஒருத்தன் முன்னால கதவைச் சாத்திட்டு ஓட்டறான்."

தொலைபேசியிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். "அதைச் சொல்லியிருக்கலாமேப்பா. வைலிங்கைப் பிடிக்கலைன்னுல்ல நான் நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தானே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அந்தப் பொண்ணு அனுப்பின போட்டோவெல்லாம் என் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு. கொரியைக் கேளு. கதவே தெரியாது."

பிறகு வேட் பேசினான். இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டுகிறவன் மாதிரி பேசினான். கட்டின பாலங்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பெரியவள் எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிடுகிறாள் என்பதைப் பற்றி. ஹார்லன் "ம்" கொட்டினார். அந்த "ம்" மெலிந்தது. சற்றைக்கெல்லாம் அதுவும் நின்று, மூச்சு மட்டும் கேட்டது. "கேக்கறாருங்க, நீங்க பேசுங்க" என்று ட்ரூடி மெதுவாகப் போனுக்குச் சொன்னாள். வேட் பேசிக்கொண்டே இருந்தான்.

மலைமேல் வெயில் சாயத் தொடங்கிய வேளையில் மூச்சு நின்றது. கொரின் அதைச் சொன்னபோது மறுமுனையில் வேட் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ வாக்கியத்தின் நடுவில் இருந்தான்.

அவளுடைய கைபேசியில் அதற்கிடையே ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. எலிசெயோ அனுப்பியது. 'கடுமைக் கோட்டைத் தாண்டிடுச்சு. நீ சொன்னதுதான் சரி. துருவத்துல ரேடியோ மொத்தமாச் செத்துப்போச்சு.' படித்தாள். தன் கணிப்பு பலித்தால் எப்போதும் உள்ளுக்குள் ஒரு சின்ன குதூகலம் எழும். அன்று ஒன்றும் எழவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவின் போர்வையைச் சரி செய்தாள்.

வேட் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இறுதிச் சடங்குதான் மிச்சம் இருந்தது. விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டான், ஆனால் பேசவில்லை. சடங்கு நடந்த அன்றும் வந்தவர்களிடம்தான் பேசினான். லிஃப்டில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் கனத்த பூட்ஸோடு வந்து, வாசலில் நின்று பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் அவனே, "பசிக்குது, எங்கயாவது போலாமா?" என்றான். லாங்மாண்ட்டில் ஒரு சின்ன மெக்சிகோக் கடைக்குப் போய், பச்சை மிளகாய்க் குழம்பு ததும்ப ஊற்றிய, புரிட்டோ என்ற ரொட்டிச் சுருளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாதி தின்ற பிறகு அவன் பேச்செடுத்தான்.

"விமானத்துல உக்காந்து கணக்குப் போட்டேன். அன்னைக்கு அது நேரத்துக்குக் கிளம்பியிருந்தா, அப்பா போகும்போது நான் வடக்க எங்கயோ ஐஸுக்கு மேல இருந்திருப்பேன். போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இறங்கினதும் நீ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும். அவர் பயந்த கதையும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

கொரின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கை அவளும் போட்டிருந்தாள். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு அவள் எழுதவில்லையே. அப்பா அன்றைக்கே போவார் என்று தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்? அப்பா இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஒரே நாள் மட்டும் இருந்து, அவன் வருமுன் போயிருந்தால் தம்பி ஆயுளுக்கும் மன்னித்திருக்க மாட்டான். அவள் எழுதிய நாலு வரி எல்லாக் கதையிலும் அதே நாலு வரிதான்.

"அது தற்செயல், வேட்" என்றாள். "அதுக்காக நீ என்னைப் பாராட்ட வேணாம்."

"பாராட்டல. அது தெரிஞ்சும் எனக்கு ஆத்திரமாத்தான் இருக்கு. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்னு இருந்துச்சு."

"எனக்கும் நீ பக்கத்துல இருக்கணும்னுதான் இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடியே, "அந்த எலிசெ... உன்கூட வேலை பாக்கறவர், சடங்குக்கு வந்திருந்தாரே, அவர் சொன்னார். நான் எழுதறேன்னு கேட்டாராமே. நீ விடலையாமே" என்றான்.

"அவனுக்கு வாய் நீளம்."

"ஏன் விடல?"

யோசித்தாள். "அவன் எழுதியிருந்தா என்ன எழுதினாலும் நான் அவன் பின்னால ஒளிஞ்சிருப்பேன்."

கடைக்காரப் பெண் வந்து காப்பி ஊற்றிவிட்டுப் போனாள். வெளியே யாரோ காரின் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நான் செவ்வாய்க்கிழமை திரும்பணும். அதே பாதைதான்" என்றான் வேட். "அன்னைக்கு உன் சூரியன் எப்படி இருக்கும்? எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லேன்."

"இப்பவே எப்படிடா சொல்றது? ஒரு புதுக் கூட்டம் கிழக்கு ஓரத்துல எட்டிப் பாக்குது. அது முழுசா நம்ம பக்கம் திரும்பட்டும். திங்கட்கிழமை கேளு."

"இவ்வளவு பெரிய ஆபீஸ் வச்சுக்கிட்டு, தெரியாதுன்னு சொல்றியே!"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லத்தான் அந்த ஆபீஸே" என்றாள்.

அவள் தட்டில் மிச்சமிருந்த புரிட்டோவை அவன் கேட்காமலே இழுத்துக்கொண்டான். சின்ன வயதில் செய்வான், அதே மாதிரி. அவள் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் தின்று முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.